வீட்டு எசுப்பிரெசோ இயந்திரம்

எசுப்பிரெசோ இயந்திரம் என்பது, நுண்ணியதாக அரைத்து அழுத்தி அடைக்கப்பட்ட காப்பித்தூளின் ஊடாக வெந்நீரை உயர் அழுத்தத்தில் செலுத்தி, ஏறத்தாழ அரை நிமிடத்தில் செறிவான காப்பியை வடித்தெடுக்கும் கருவியாகும். இவ்வாறு கிடைக்கும் பானம் எசுப்பிரெசோ எனப்படுகிறது. கப்புச்சினோ, லாத்தே முதலிய பால் சேர்ந்த காப்பி வகைகளுக்கும் இதுவே அடிப்படை. இத்தாலியில் உணவகங்களுக்காக உருவாக்கப்பட்ட இக்கருவியின் சிறிய வடிவங்கள் இன்று உலகின் பல நாடுகளில் வீடுகளிலும் பயன்படுகின்றன. இக்கட்டுரை வீட்டு இயந்திரங்களைத் தேர்ந்தெடுத்தல், பயன்படுத்துதல், பேணுதல் ஆகியவற்றை விளக்குகிறது.

விலை எதுவாயினும், வடிப்பதைப் பொறுத்தவரை ஓர் எசுப்பிரெசோ இயந்திரம் செய்யும் வேலைகள் இரண்டே: நீரை உரிய வெப்பநிலைக்குக் கொண்டுவருதல், அதை உரிய அழுத்தத்தில் செலுத்துதல். அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்கும் தடையை உருவாக்குவது இயந்திரமன்று, காப்பித்தூளே ஆகும். எனவே நல்ல அரவைப்பொறியும் புதிதாக வறுத்த காப்பிக்கொட்டையும் இல்லாமல், விலை உயர்ந்த இயந்திரத்திலிருந்தும் நல்ல எசுப்பிரெசோவைப் பெற இயலாது.

பெயர்

எசுப்பிரெசோ என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் "பிழிந்தெடுக்கப்பட்டது" என்பது ஒரு பொருள். கேட்டவருக்கென்று அப்போதே செய்து தரப்படுவது என்னும் பொருளும் அதற்கு உண்டு. இரண்டு பொருள்களும் இப்பானத்திற்குப் பொருந்துகின்றன. தமிழ்நாட்டில் இச்சொல் பெரும்பாலும் "எக்சுபிரசோ" என ஒலிக்கப்படுகிறது.

வரலாறு

நீராவியைக் கொண்டு காப்பி வடிக்கும் இயந்திரத்திற்கு 1884 ஆம் ஆண்டில் இத்தாலியின் துரின் நகரைச் சேர்ந்த ஆஞ்செலோ மொரியோண்டோ காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு துரினில் நடைபெற்ற பொருட்காட்சியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அது ஒரே நேரத்தில் பெருமளவில் காப்பி வடிப்பதற்கான கருவி. ஒவ்வொரு கோப்பையாக வடிக்கும் இயந்திரத்திற்கு மிலான் நகரின் லுயிச்சி பெட்சேரா 1901 இல் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி, 1905 முதல் அவ்வியந்திரத்தை வணிக முறையில் உற்பத்தி செய்தார்.

இத்தொடக்ககால இயந்திரங்களில் அழுத்தத்தைத் தந்தது நீராவி. அதனால் ஏறத்தாழ 1.5 பார் அழுத்தமே கிடைத்தது. மேலும், நீராவியின் அழுத்தத்தைக் கூட்டினால் நீரின் வெப்பமும் கூடும். காப்பியில் தீய்ந்த சுவை ஏறும். அழுத்தத்தையும் வெப்பத்தையும் தனித்தனியே பிரிப்பதே அடுத்த அரை நூற்றாண்டின் தொழில்நுட்பச் சிக்கலாக இருந்தது.

இதற்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் மிலானைச் சேர்ந்த அக்கீல்லே காஜ்ஜா. 1938 இல் தம் முதல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அவர், 1947 இல் நெம்புகோலால் இயங்கும் உந்துருளை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். நெம்புகோலை இழுக்கும்போது வில்சுருள் இறுகும்; விடும்போது அது விரிந்து நீரைத் தூளின் ஊடாகத் தள்ளும். அழுத்தம் 8 முதல் 10 பார் வரை உயர்ந்தது. காப்பியின் மேல் பொன்னிற நுரைப்படலம் ஒன்று முதன்முதலாகத் தோன்றியது. இன்று எசுப்பிரெசோவின் அடையாளமாகக் கருதப்படும் "கிரெமா" இதுவே.

1961 இல் ஃபாயெமா நிறுவனம் வெளியிட்ட ஈ61 என்னும் இயந்திரத்தில் கை விசைக்கு மாற்றாக மின்பம்பு 9 பார் அழுத்தத்தைத் தந்தது. எர்னெசுட்டோ வலென்ட்டே உருவாக்கிய இவ்வியந்திரம், அவ்வாண்டு இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை ஒட்டிப் பெயரிடப்பட்டது. இதன் வடிதலை அமைப்பு இன்றைய வீட்டு இயந்திரங்கள் சிலவற்றிலும் அப்படியே பின்பற்றப்படுகிறது. பின்னர், அதிர்வு முறையில் இயங்கும் சிறிய பம்புகள் மலிவாகக் கிடைத்தமை, இவ்வியந்திரம் வீட்டுச் சமையலறைக்குள் வர வழிசெய்தது. உறையில் அடைத்த காப்பியைப் பயன்படுத்தும் முறையை நெசுலே நிறுவனத்தின் எரிக் ஃபாவ்ர் 1976 இல் உருவாக்கினார். அது நெசுப்பிரெசோ என்னும் பெயரில் 1986 இல் விற்பனைக்கு வந்தது.

செயற்பாட்டு அடிப்படை

இத்தாலியத் தேசிய எசுப்பிரெசோ நிறுவனம் வகுத்துள்ள அளவுகள் வருமாறு:

- காப்பித்தூள்: 7 கிராம் (0.5 கிராம் கூடலாம் அல்லது குறையலாம்)
- நீரின் வெப்பநிலை: 88 பாகை செல்சியசு (2 பாகை கூடலாம் அல்லது குறையலாம்)
- நீரின் அழுத்தம்: 9 பார் (1 பார் கூடலாம் அல்லது குறையலாம்)
- வடியும் நேரம்: 25 நொடி (5 நொடி கூடலாம் அல்லது குறையலாம்)
- கோப்பையில் விழும் அளவு: நுரையுடன் 25 மில்லிலிட்டர் (2.5 மில்லிலிட்டர் கூடலாம் அல்லது குறையலாம்)

இன்று வீடுகளிலும் காப்பிக்கடைகளிலும் இரு மடங்குக்கும் மேலான தூளை இட்டு வடிக்கும் வழக்கமும் பரவியுள்ளது. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காப்பியை 25 முதல் 30 நொடிகளில் எடுப்பது அவ்வகையில் பரவலான தொடக்க அளவு. நீரின் வெப்பநிலையும் 90 முதல் 96 பாகை வரை வைக்கப்படுகிறது.

9 பார் என்பது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிகூடையின் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். ஆகவே, வடியும் வேளையில் தூளின் மேல் ஏறத்தாழ 240 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை செயற்படுகிறது. இவ்வளவு விசையுடன் வரும் நீர், தூளில் எங்கேனும் விரிசலோ தளர்ந்த இடமோ இருப்பின் வரப்பு உடைந்த வயலில் போல அவ்வழியே பாய்ந்துவிடும். அப்போது அவ்விடத்தில் உள்ள தூளிலிருந்து அளவுக்கு மீறிக் கசப்பும், எஞ்சிய தூளிலிருந்து அரைகுறையாகப் புளிப்பும் இறங்கும். தூளைச் சீராக அரைத்துச் சமமாகப் பரப்பி அழுத்த வேண்டிய காரணம் இதுவே.

வகைகள்

அழுத்தம் பெறும் முறையை ஒட்டி வீட்டு இயந்திரங்களைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

- நீராவி வகை: பம்பு இல்லாதது; விலை மிகக் குறைவு. மூடிய கலத்தில் உண்டாகும் நீராவியே நீரைத் தள்ளுகிறது. அழுத்தம் குறைவாகவே இருப்பதால் இதில் கிடைப்பது செறிவான காப்பியே அன்றி, முறையான எசுப்பிரெசோ அன்று. 1933 இல் அல்போன்சோ பியாலெட்டி அறிமுகப்படுத்திய, அடுப்பில் வைக்கும் மோக்கா கலமும் இதே தத்துவத்தில் இயங்குகிறது.
- நெம்புகோல் வகை: கை விசையாலோ வில்சுருளாலோ அழுத்தம் பெறுவது. ஓசையில்லாதது, பழுதாகும் உறுப்புகள் குறைவு, பழகுவதற்குக் காலம் பிடிக்கும்.
- பகுதித் தானியங்கி வகை: பம்பு அழுத்தம் தருகிறது; அரைத்தல், அடைத்தல், நிறுத்துதல் ஆகியவற்றைப் பயனரே செய்கிறார். கற்றுக்கொள்ள விரும்புவோர் பெரும்பாலும் இதையே வாங்குகின்றனர்.
- முழுத் தானியங்கி வகை: கொட்டையை அரைப்பது முதல் சக்கையைத் தள்ளுவது வரை எல்லாவற்றையும் தானே செய்வது. வசதி மிகுதி, சுவையைத் திருத்தும் வாய்ப்பு குறைவு. உள்ளுறுப்புகள் மிகுதியாதலால் தூய்மைப்படுத்துவதில் கூடுதல் கவனம் வேண்டும்.
- உறை வகை: முன்னரே அரைத்து அடைத்த உறையை இடுவது. இயந்திரத்தின் விலை குறைவாயினும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஆகும் செலவு கூடுதல். பயன்படுத்திய உறைகள் கழிவாகச் சேர்கின்றன.

நீரைச் சூடாக்கும் முறையிலும் வேறுபாடுகள் உள்ளன. ஒற்றைக் கொதிகலன் கொண்டவற்றில் காப்பி வடிக்கவும் நீராவி எடுக்கவும் ஒரே கலம் பயன்படுகிறது. ஆகையால் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகவே செய்ய இயலும். வெப்பமாற்றி வகையில், நீராவிக் கொதிகலனின் ஊடே செல்லும் குழாயில் காப்பிக்கான நீர் சூடாகிறது. இரட்டைக் கொதிகலன் வகையில் இரண்டுக்கும் தனித்தனிக் கலங்கள் உள்ளன. சிறிய உலோகக் கட்டியினுள் நீரை ஓடவிட்டுச் சூடாக்கும் வகை ஒரு நிமிடத்திற்குள் ஆயத்தமாகிவிடும். கனமான பித்தளை வடிதலை கொண்ட இயந்திரங்கள் முழுமையாகச் சூடேற 15 முதல் 30 நிமிடம் வரை ஆகும்.

தேர்ந்தெடுத்தல்

அழுத்த எண்

பெட்டியின் மேல் அச்சிடப்படும் "15 பார்", "20 பார்" என்னும் எண்கள் இயந்திரத்தின் தரத்தைக் குறிப்பவை அல்ல. நீர் வெளியேற வழியில்லாதபோது பம்பு எட்டக்கூடிய உச்ச அழுத்தத்தையே அவை குறிக்கின்றன. வடிப்பதற்கு வேண்டியது ஏறத்தாழ 9 பார் மட்டுமே. நல்ல இயந்திரங்களில் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று அமைந்திருக்கும். எனவே 20 பார் என்று எழுதப்பட்ட இயந்திரம் 15 பார் இயந்திரத்தைவிடச் சிறந்தது எனக் கொள்வது தவறு. வெப்பநிலை சீராக நிற்பதே உண்மையான வேறுபாட்டை உண்டாக்குகிறது. சாதாரண வெப்பக் கட்டுப்படுத்தி உள்ளவற்றில் வெப்பநிலை பல பாகைகள் ஏறி இறங்கும், பி.ஐ.டி. எனப்படும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ளவற்றில் இவ்வேறுபாடு மிகக் குறைவு.

அரவைப்பொறி

எசுப்பிரெசோவுக்கான தூளின் நுண்மையை மிகச் சிறிய அளவுகளில் மாற்றிப் பார்க்க வேண்டும். மிக்சி போன்று கத்தி சுழலும் கருவிகள் கொட்டையை வெட்டிச் சிதறச் செய்வதால், மாவும் குருணையும் கலந்த தூளே கிடைக்கும். இரண்டு அரவைப் பற்களுக்கு இடையே கொட்டையை நொறுக்கும் பொறிகளே இதற்கு ஏற்றவை. கையால் சுற்றும் நல்ல பொறிகளும் கிடைக்கின்றன. கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்திற்குச் செலவிட்டுவிட்டுக் கடையில் அரைத்த தூளை நம்பியிருப்பது, புதிதாக வாங்குவோர் செய்யும் பொதுவான பிழை. எளிய இயந்திரமும் நல்ல அரவைப்பொறியும் சேர்ந்தால், விலை உயர்ந்த இயந்திரமும் தரமற்ற அரவைப்பொறியும் சேர்ந்ததைவிட நல்ல காப்பி கிடைக்கும்.

வடிகூடை

வடிகூடை என்பது தூளை இடும் சிறிய உலோகச் சல்லடை. பல மலிவான இயந்திரங்களில் இரட்டை அடிச்சுவர் கொண்ட கூடை தரப்படுகிறது. இதன் வெளிச்சுவரில் ஒரே ஒரு நுண்துளை இருப்பதால், தூள் எப்படி இருப்பினும் செயற்கையாகத் தடையும் நுரையும் உண்டாகின்றன. அரைத்த தூளை வாங்கிப் பயன்படுத்துவோருக்கு இது உதவும். ஆனால் அந்த நுரை தூளின் தரத்தைக் காட்டுவதாகாது. அரவைப்பொறி வைத்திருப்போர் ஒற்றைச் சுவர்க் கூடை பொருந்தும் இயந்திரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். 58 மில்லிமீட்டர் அளவுக்கு மாற்றுக் கூடைகளும் துணைப்பொருள்களும் எளிதில் கிடைக்கும். 51, 54 மில்லிமீட்டர் அளவுகளும் வழக்கில் உள்ளன.

மின்சாரம்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு, அதிர்வெண் 50 எர்ட்சு. அமெரிக்காவில் இவை 120 வோல்ட்டு, 60 எர்ட்சு. அங்கிருந்து கொண்டுவரப்படும் இயந்திரத்தை நேரடியாக இணைத்தால் அது எரிந்துவிடும். மின்மாற்றி மின்னழுத்தத்தை மட்டுமே குறைக்கும்; அதிர்வெண்ணை மாற்றாது. அதிர்வுப் பம்பு அதிர்வெண்ணுக்கு ஏற்பத் துடிப்பதாகையால், மின்மாற்றியுடன் இணைத்தாலும் அது வடிவமைக்கப்பட்ட வகையில் இயங்காது. 6 ஆம்பியர் இணைப்பில் 230 வோல்ட்டில் 1380 வாட்டு வரையே எடுக்கலாம். அதற்கு மேல் திறன் கொண்ட இயந்திரங்களுக்கு 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும்.

காப்பிக்கொட்டை

வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வளி சில நாட்களுக்கு வெளியேறிக்கொண்டே இருக்கும். வறுத்த உடனே வடித்தால் நுரை மட்டுமீறும். மாதக்கணக்கில் பழையதாயின் நுரையே தோன்றாது. வறுத்து ஒரு வாரம் கழிந்தபின் தொடங்கி, அடுத்த சில வாரங்களுக்குள் பயன்படுத்துவது நன்று. அராபிக்கா வகை மணமும் மென்மையான புளிப்பும் உடையது. ரொபசுட்டா வகையில் கசப்பும் காஃபீனும் கூடுதல். நுரையும் அடர்த்தியாக வரும். இத்தாலியக் கலவைகள் பலவற்றில் இரண்டும் சேர்க்கப்படுகின்றன. இந்திய ரொபசுட்டா இக்கலவைகளில் இடம்பெறுகிறது. இந்தியக் காப்பியை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் இத்தாலியும் ஒன்று.

சிக்கரி கலந்த தூள் எசுப்பிரெசோ இயந்திரத்திற்கு ஏற்றதன்று. சிக்கரி நீரில் எளிதில் கரைந்து பிசுபிசுப்பதால், வடிகூடையின் துளைகளை அடைக்கக்கூடும்.

பயன்படுத்தும் முறை

1. நீர்த்தொட்டியை நிரப்பி, வெற்றுக் கூடையுடன் கைப்பிடியை மாட்டி இயந்திரத்தை முழுமையாகச் சூடேறவிட வேண்டும். குளிர்ந்த கைப்பிடி நீரின் வெப்பத்தை உறிஞ்சிவிடும்.
2. கொட்டையை எடைபோட்டு, வடிப்பதற்குச் சற்று முன்னர் அரைக்க வேண்டும். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு இதற்குப் பயன்படும்.
3. கூடையின் ஈரத்தைத் துடைத்துத் தூளை இட்டு, கட்டிகளை உடைத்துச் சமமாகப் பரப்ப வேண்டும்.
4. அழுத்தும் குமிழால் தூளை நேராக, ஒரே சீராக அழுத்த வேண்டும். 15 கிலோகிராம் விசை மரபாகச் சொல்லப்படும் அளவு. விசையைவிடச் சாய்வின்றி அழுத்துவதே முக்கியம்.
5. சிறிதளவு நீரை வெறுமனே ஓடவிட்டு, கைப்பிடியை இறுக மாட்டி உடனே வடிக்கத் தொடங்க வேண்டும்.
6. பம்பு இயங்கத் தொடங்கியது முதல் நேரத்தைக் கணக்கிட்டு, குறித்த எடை வந்ததும் நிறுத்த வேண்டும்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். தூளின் எடையையும் வடியும் எடையையும் நிலையாக வைத்து, முதலில் அரவையை மட்டும் திருத்துவது எளிய வழி.

- 15 நொடிக்குள் வெளிறிய நிறத்தில் வடிந்து, புளித்து, நீர்த்திருந்தால்: இன்னும் நுண்ணியதாக அரைக்க வேண்டும்.
- சொட்டுச் சொட்டாக 40 நொடிக்கு மேல் வடிந்து கசந்தால்: சற்றே பருமனாக அரைக்க வேண்டும்.
- நேரம் சரியாக இருந்தும் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால்: தூள் சமமாகப் பரப்பப்படவில்லை.
- நேரமும் அளவும் சரியாக இருந்தும் நுரை இல்லையெனில்: கொட்டை பழையது.

பால் நுரைத்தல்

குளிர்ந்த பாலைக் கலத்தில் பாதிக்கும் குறைவாக எடுத்து, நீராவிக் குழாயின் நுனியைப் பாலின் மேற்பரப்பை ஒட்டி வைத்தால் காற்று உட்சென்று நுரை உண்டாகும். பால் கை பொறுக்கும் சூட்டை எட்டியதும் நுனியைச் சற்று ஆழ்த்தி, பாலைச் சுழலவிட வேண்டும். பெருங்குமிழிகள் உடைந்து பால் வழவழப்பாகும். 60 முதல் 65 பாகை செல்சியசில் நிறுத்துவது நன்று. 70 பாகையைத் தாண்டினால் இனிப்பு குன்றி, காய்ந்த பாலின் வாடை ஏறும். நுரையைத் தாங்குவது பாலில் உள்ள புரதம். காய்ச்சிய பாலைப் பயன்படுத்துவதாயின், அதை நன்கு குளிரவைத்து ஏட்டை நீக்கிக்கொள்ள வேண்டும்.

ஒற்றைக் கொதிகலன் இயந்திரத்தில் நீராவி எடுத்தபின் கலத்தின் வெப்பநிலை 100 பாகைக்கு மேல் இருக்கும். அந்நிலையில் அடுத்த காப்பியை வடித்தால் தீய்ந்துவிடும். சிறிது நீரை வெளியேற்றிக் கலத்தைக் குளிர்வித்த பின்னரே வடிக்க வேண்டும்.

பேணுதல்

ஒவ்வொரு முறையும் சக்கையைத் தட்டி நீக்கி, வடிதலையை நீர்விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். நீராவிக் குழாயை உடனே ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியை வெளியேற்றினால் உள்ளே பால் காய்ந்து அடைக்காது. காப்பியின் எண்ணெய் நாட்பட்டால் சிக்குவாடை பிடிக்கும். மூவழி வால்வு கொண்ட இயந்திரங்களில் துளையற்ற கூடையை மாட்டிப் பம்பை விட்டுவிட்டு இயக்கி, இவ்வெண்ணெயைப் பின்னோக்கிக் கழுவலாம். அவ்வால்வு இல்லாதவற்றில் இம்முறையைக் கையாளக் கூடாது.

இயந்திரம் பழுதாவதற்கு முதன்மைக் காரணம் கடினநீர். நிலத்தடி நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகள் சூட்டில் பிரிந்து கொதிகலனிலும் குழாய்களிலும் உப்புப் படிவாகச் சேர்கின்றன. சிட்ரிக் அமிலக் கரைசலாலோ இதற்கென விற்கப்படும் பொடியாலோ இப்படிவை நீக்கலாம். அலுமினியக் கொதிகலனை அமிலம் அரிக்கக்கூடுமாதலால் உற்பத்தியாளரின் கையேட்டைப் பார்த்த பின்னரே செய்ய வேண்டும். உப்பே இல்லாத நீரும் ஏற்றதன்று. காய்ச்சி வடித்த நீரும், எதிர் சவ்வூடுபரவல் முறையில் மிகையாகச் சுத்திகரிக்கப்பட்ட நீரும் உலோகத்தை அரிக்கக்கூடும். சில இயந்திரங்களின் நீர்மட்ட உணரிகள் அத்தகைய நீரை அறிய இயலாமல் போவதும் உண்டு. சுவையும் தட்டையாகும். மிதமான உப்புள்ள குடிநீரே சிறந்தது.

பாதுகாப்பு

பம்பு இயங்கும்போதோ, அழுத்தம் முற்றிலும் அடங்கும் முன்னரோ கைப்பிடியைக் கழற்றக் கூடாது. நீர் நின்றுவிட்டது போலத் தோன்றினும், அடைபட்ட கூடையினுள் அழுத்தம் எஞ்சியிருக்கும். திடீரெனத் திறந்தால் கொதிநீரும் சூடான தூளும் முகத்திலும் கைகளிலும் தெறிக்கும். மூவழி வால்வு இல்லாத இயந்திரங்களில் இந்த இடர் மிகுதி. காப்பி வடியவே இல்லையெனில் இயந்திரத்தை நிறுத்தி, முழுமையாகக் குளிர்ந்த பின்னரே திறக்க வேண்டும். நீராவி வகைக் கலங்களின் பாதுகாப்பு வால்வில் அடைப்பு உள்ளதா என அவ்வப்போது பார்க்க வேண்டும். நீராவிக் குழாயைச் சிறுவர் எட்டாதவாறு இயந்திரத்தை வைப்பது இன்றியமையாதது.

வடிகட்டிக் காப்பியுடன் ஒப்பீடு

தென்னிந்திய வடிகட்டிக் காப்பியில் நீர் தன் எடையாலேயே தூளின் ஊடாக மெல்ல இறங்குகிறது. செறிவான டிக்காஷனைப் பாலுடன் சேர்த்து அருந்துவது இரண்டுக்கும் பொது எனினும், எசுப்பிரெசோவின் அழுத்தத்தால் குழம்பும் எண்ணெயும் நுண்குமிழிகளும் டிக்காஷனில் இல்லை. ஒரு 30 மில்லிலிட்டர் எசுப்பிரெசோவில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் காஃபீன் உள்ளது.

தமிழ்நாட்டுத் திருமண மண்டபங்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் "எக்சுபிரசோ காப்பி" என வழங்கப்பட்டு வந்தது வேறொரு பானம். உடனடிக் காப்பித்தூளையும் சர்க்கரையையும் பாலுடன் சேர்த்து, கொதிகலனின் நீராவியைப் பாய்ச்சி நுரைக்கச் செய்வதே அது. அவ்வியந்திரம் பாலைச் சூடாக்கி நுரைக்கிறதேயன்றிக் காப்பியை வடிப்பதில்லை. அந்த நுரைத்த இனிப்புக் காப்பியை எதிர்பார்த்து வீட்டு எசுப்பிரெசோ இயந்திரத்தை வாங்குவோர் ஏமாற்றம் அடையக்கூடும். வாங்கும் முன் ஒரு காப்பிக்கடையில் பால் சேர்க்காத எசுப்பிரெசோவைச் சுவைத்துப் பார்ப்பது பயன்தரும்.

இவற்றையும் பார்க்க

- காப்பி
- காஃபீன்
- சிக்கரி
- கப்புச்சினோ